பென்ஷனில் யாருக்கு நியாயம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு அலுவலகக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஓய்வூதியர் சங்கத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வருகிறவர்கள் படிவத்தோடு ஓர் ஆதங்கத்தையும் கொண்டுவருகிறார்கள். "அவருக்குக் கிடைக்குது, எனக்கு ஏன் இல்லை?" என்பதுதான் பெரும்பாலும் அது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். மத்திய அரசு விதியும் தமிழ்நாட்டு விதியும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதால், எது எவருடையது என்று அங்கங்கே சொல்லியிருக்கிறேன். என் சொந்தக் கருத்து வரும் இடத்தில் அது கருத்து என்று உங்களுக்கே தெரியும்.

சம்பளம்தான் மாசாமாசம் வாங்கியாச்சே, வேலையை விட்ட பிறகும் எதுக்கு பென்ஷன்?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று பதில் சொல்லிவிட்டது. நகரா வழக்கு என்று சங்கக் கூட்டங்களில் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவர் போட்ட வழக்கு அது. ஓய்வூதியம் அரசு மனமிரங்கிப் போடும் பிச்சையோ கருணைத் தொகையோ கிடையாது, செய்த வேலைக்குத் தள்ளிவைத்துக் கொடுக்கப்படும் ஊதியம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுவது அதனால்தான்.

அதற்கு முன்பே, 1971ல் பீகார் வழக்கு ஒன்றில், ஓய்வூதியம் ஓர் உரிமை, அதிகாரி விருப்பப்படி கொடுக்கவும் நிறுத்தவும் முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆக, "எதுக்கு பென்ஷன்" என்ற விவாதம் முடிந்த ஒன்று. எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து என்பதில்தான் இன்றுவரை சண்டை.

பழைய பென்ஷன், சி.பி.எஸ்., என்.பி.எஸ்., யு.பி.எஸ்.னு ஆளாளுக்குச் சொல்றாங்க. தலை சுத்துது. என்னதான் வித்தியாசம்?

பழைய பென்ஷனில் ஊழியர் கையிலிருந்து எதுவும் பிடிக்க மாட்டார்கள். முழுப் பணிக்காலம் முடித்தால் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி, அதற்கு மேல் அகவிலைப்படி. விலைவாசி ஏற ஏற அகவிலைப்படி ஏறும். ஊதியக் குழு வந்தால் ஓய்வூதியமும் திருத்தப்படும். தொகை எவ்வளவு என்பது உறுதி. பணத்துக்கு எங்கே போவது என்பது அரசின் கவலை.

என்.பி.எஸ்., அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டம், 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசில் சேர்ந்தவர்களுக்கு. முப்படையினருக்கு மட்டும் விலக்கு. ஊழியர் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் கட்டுவார். அரசும் 10 கட்டியது, 2019 ஏப்ரலில் இருந்து 14 ஆக்கியது. அந்தப் பணம் சந்தையில் முதலீடு செய்யப்படும். கட்டுவது எவ்வளவு என்பது உறுதி, கிடைப்பது எவ்வளவு என்பது உறுதியில்லை. சி.பி.எஸ்., அதாவது பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், தமிழ்நாட்டுடையது, 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு. ஊழியர் 10, அரசு 10. ஆனால் தமிழ்நாடு அந்தப் பணத்தை மத்திய ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுக்காமல் தன்னிடமே வைத்துக்கொண்டு, பொது வருங்கால வைப்புநிதிக்கு உள்ள வட்டியைப் போட்டது. ஓய்வு பெறும்போது சேர்ந்த தொகையை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மாத ஓய்வூதியம் என்று ஒன்று வரவே இல்லை. பெயரில் மட்டும் ஓய்வூதியம் இருந்தது.

யு.பி.எஸ்., அதாவது ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம், பழைய பென்ஷனுக்கும் என்.பி.எஸ்.சுக்கும் நடுவில். மத்திய அரசில் 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஊழியர் 10 சதவீதம் கட்ட வேண்டும். அரசின் பங்கு 18.5 சதவீதம். 25 ஆண்டு பணி முடித்தால் கடைசி 12 மாத சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி, 10 ஆண்டு முடித்தால் குறைந்தது மாதம் 10,000 ரூபாய். தமிழ்நாடு அரசும் 2026 ஜனவரியில் இதே பாணியில் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது: ஊழியரின் 10 சதவீதப் பிடித்தம் தொடரும், கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியம்.

ஒரே ஆபீஸ், பக்கத்துப் பக்கத்து சீட். 2003 மார்ச்சில் சேர்ந்தவருக்குப் பழைய பென்ஷன், ஏப்ரலில் சேர்ந்த எனக்கு சி.பி.எஸ். இதுவா நியாயம்?

சங்கத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். சட்டப்படி பார்த்தால், புதிதாகச் சேர்பவர்களுக்கு வேறு நிபந்தனை வைக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. நகரா தீர்ப்பு இங்கே உதவாது. அந்த வழக்கில் ஓய்வூதியக் கணக்கீட்டை அரசு தாராளமாக்கியது, ஆனால் 1979 மார்ச் 31க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அது கிடையாது என்றது. ஒரே திட்டத்தில் ஏற்கெனவே இருப்பவர்களை ஒரு தேதியை வைத்து இரண்டாகப் பிளக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பு. 1990ல் ரயில்வே வருங்கால வைப்புநிதி ஓய்வூதியர்கள் நகராவைக் காட்டி வழக்குப் போட்டபோது, நீங்கள் வேறு திட்டம், வேறு வகுப்பு என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதாவது, ஒரே கூரைக்குள் பாரபட்சம் கூடாது. கூரையே வேறு என்றால் கேட்க முடியாது.

நியாயம் என்று பார்த்தால் எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. முதலாவது, சி.பி.எஸ். அரசாணை வந்தது 2003 ஆகஸ்டில். அமலுக்கு வந்ததோ ஏப்ரல் 1ல் இருந்து. அந்த நான்கு மாதத்தில் சேர்ந்தவர்கள் பழைய பென்ஷன் உள்ள வேலை என்று நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள். தேதி வைப்பது தப்பில்லை. முன்தேதி வைப்பதுதான் தப்பு. இரண்டாவது, புதிய திட்டத்தில் குறைந்தபட்சம் என்று ஒரு தொகையே வைக்காதது. மொத்த ஆபத்தையும் ஊழியர் தலையில் கட்டிவிட்டு, நீயும் கட்டுகிறாய் நானும் கட்டுகிறேன், கணக்கு சரி என்பது பாதிக் கணக்குதான். ஓய்வூதியப் பலன்களைக் குறைத்ததும் ஒரு காரணமாக அந்த 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டதை மறந்தவர்கள் யாரும் எங்கள் சங்கத்தில் இல்லை.

பரீட்சை எழுதினது பழைய காலத்துல. ஆர்டர் லேட்டா வந்துச்சு. நான் எந்தப் பக்கம்?

மத்திய அரசு ஊழியர் என்றால் உங்களுக்கு நல்ல செய்தி ஏற்கெனவே வந்திருக்கிறது. என்.பி.எஸ். அறிவிக்கை 2003 டிசம்பர் 22ல் வெளியானது. அதற்கு முன் விளம்பரம் செய்யப்பட்ட பணியிடத்தில், 2004க்குப் பிறகு சேர்ந்திருந்தால், பழைய பென்ஷனைத் தேர்ந்தெடுக்க 2023 மார்ச் 3 குறிப்பாணை ஒருமுறை வாய்ப்பு கொடுத்தது. ஆணை தாமதமாக வந்தது ஊழியரின் குற்றமில்லை என்ற எளிய நியாயம் அதில் இருக்கிறது. இத்தனைக்கும் அது தானாக வரவில்லை, நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் ஒவ்வொருவராகப் போராடி வென்ற பிறகு வந்தது.

தமிழ்நாட்டில் பணியில் சேர்ந்த தேதிதான் கணக்கு. தேர்வு நடைமுறை 2003 ஏப்ரலுக்கு முன் தொடங்கியிருந்தால் அந்த அறிவிக்கை நகலையும் தேர்ச்சிப் பட்டியலையும் பத்திரப்படுத்தி வையுங்கள். வழக்கு என்று போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

மார்க்கெட்ல போட்டா கோடிக்கணக்கில் சேரும்கிறாங்களே. அப்போ என்.பி.எஸ். தானே லாபம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைசி அடிப்படை ஊதியம் 60,000 ரூபாய் என்று வையுங்கள். பழைய பென்ஷனில் மாதம் 30,000, அதற்கு மேல் அகவிலைப்படி. என்.பி.எஸ்.சில் அவருக்கு 40 லட்சம் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரசு ஊழியர் அதில் 60 சதவீதம் வரை கையில் வாங்கலாம், குறைந்தது 40 சதவீதத்துக்கு, மாதாமாதம் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டம் (annuity) வாங்கியாக வேண்டும். அதாவது 16 லட்சம். 6 சதவீதம் கிடைத்தால் ஆண்டுக்கு 96,000, மாதம் 8,000 ரூபாய். கையில் 24 லட்சம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த 30,000ஐ ஆண்டுத்தொகையாக வாங்க வேண்டுமென்றால் 60 லட்சத்தை அப்படியே போட வேண்டும். அப்போதும் அது கடைசிவரை அதே 30,000. அகவிலைப்படி கிடையாது, ஊதியக் குழுவும் கிடையாது.

இளம் வயதில் சேர்ந்து 35 ஆண்டு கட்டியவருக்கு, சந்தையும் ஒத்துழைத்தால், நல்ல தொகை சேரும். நாற்பது வயதில் அரசு வேலை கிடைத்தவருக்குச் சேராது. நம் ஊரில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் காத்திருந்து காத்திருந்து சேர்ந்தவர்கள்தான் எத்தனை பேர்! "சராசரியாக லாபம்" என்று சொல்கிறவரிடம் நான் கேட்பது, ஓய்வு பெறும் மாதத்தில் சந்தை விழுந்தால் அந்த நஷ்டம் யாருடையது என்பதைத்தான்.

அப்போ எல்லாருக்கும் பழைய பென்ஷனையே கொடுத்துட்டா பிரச்சினை தீர்ந்துச்சே?

ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப் ஆகியவை 2022ல் அப்படி அறிவித்தன, இமாச்சலப் பிரதேசம் 2023ல். மேற்கு வங்கம் புதிய திட்டத்துக்குப் போகவே இல்லை. திரும்பிய மாநிலங்களுக்கு வந்த முதல் சிக்கல், என்.பி.எஸ்.சில் ஏற்கெனவே கட்டிய பணத்தை மாநில அரசிடம் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று மத்திய ஆணையம் சொன்னது. தமிழ்நாட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை, பணம் இங்கேயே இருப்பதால்.

எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். பழைய பென்ஷனுக்கு என்று தனி நிதி கிடையாது. இன்றைய ஓய்வூதியம் இன்றைய வரிப்பணத்தில் இருந்து போகிறது. மக்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள், அது நல்லதுதான், ஆனால் அந்தச் செலவு அடுத்த தலைமுறை கட்டும் வரியில் ஏறுகிறது. அந்த வரியைக் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு எந்த ஓய்வூதியமும் இல்லை. ஊழியரும் கொஞ்சம் கட்டி, அரசு உறுதியும் கொடுக்கும் நடுவழி எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த உறுதியின் கீழே உண்மையிலேயே பணம் ஒதுக்கப்படுகிறதா என்பதை மட்டும் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கம்யூட்டேஷன் பணத்தை எப்பவோ கட்டி முடிச்சாச்சு. இன்னும் 15 வருஷம் பிடிக்கிறாங்களே, இது கந்துவட்டி இல்லையா?

கம்யூட்டேஷன் என்றால் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் மொத்தத் தொகையை முன்கூட்டியே வாங்குவது. மத்திய அரசில் 40 சதவீதம் வரை, தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு வரை. மத்திய அரசு ஊழியர் ஒருவர் 60 வயதில் 25,000 ரூபாய் ஓய்வூதியத்தில் 10,000ஐ விட்டுக்கொடுக்கிறார். அடுத்த பிறந்தநாள் வயது 61க்கு அட்டவணை எண் 8.194. 10,000 பெருக்கல் 12 பெருக்கல் 8.194, ஆக 9,83,280 ரூபாய் கையில் வரும். மாதம் 10,000 வீதம் 15 ஆண்டில் அரசு பிடிப்பது 18 லட்சம். இதைப் பார்த்ததும் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

வட்டி இல்லாமல் கணக்குப் போட்டால் 8 ஆண்டு 2 மாதத்தில் அசல் முடிந்துவிடும். ஆனால் வட்டியே இல்லாமல் யார் கொடுப்பார்? 6 சதவீத வட்டி என்றால் சுமார் 11 ஆண்டு 4 மாதம். சங்கங்கள் சொல்லும் 11 ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய இதுதான். 8 சதவீதம் என்றால் 13 ஆண்டு 4 மாதம். முழு 15 ஆண்டும் பிடித்தால் ஏறத்தாழ 9 சதவீத வட்டி. கந்துவட்டி இல்லை, ஆனால் வைப்புத்தொகைக்கு வங்கி கொடுப்பதைவிட அதிகம். இதில் ஒன்றை விட்டுவிடக் கூடாது: இடையில் ஓய்வூதியர் இறந்துவிட்டால் மீதியைக் குடும்ப ஓய்வூதியத்தில் பிடிக்க மாட்டார்கள். அந்த ஆபத்துக்கான விலையும் வட்டிக்குள் இருக்கிறது.

1986க்கு முன்பு, விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான், சாகும்வரை திரும்பாது. 15 ஆண்டில் திரும்பக் கிடைப்பதே அந்த ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. கேரளாவில் 12 ஆண்டில் திருப்பிக் கொடுக்கிறார்கள். 15ஐ 12 ஆகக் குறைக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வட்டி இறங்கி, ஆயுள் கூடிய பிறகும் பழைய கணக்கே ஓடுகிறது.

80 வயசானா பென்ஷன் கூடுமாமே?

கூடும். மத்திய அரசிலும் தமிழ்நாட்டிலும் 80 நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம், 85ல் 30, 90ல் 40, 95ல் 50, நூறைத் தொட்டால் 100 சதவீதம். மருத்துவச் செலவு எழுபதிலேயே தொடங்கிவிடுகிறதே என்று கேட்பீர்கள். 65ல் இருந்து ஐந்தைந்து சதவீதமாகக் கூட்டித் தரச் சொல்லி நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. ஓய்வூதிய ஆணையில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஆணைகளில் குடும்ப ஓய்வூதியரின் பிறந்த தேதி இடமே காலியாக இருக்கும்.

கொரோனா நேரத்துல நிறுத்தி வெச்ச டி.ஏ. நிலுவை எப்ப வரும்?

வராது. மத்திய அரசு 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை 18 மாதத்துக்கு மூன்று அகவிலைப்படித் தவணைகளை நிறுத்தி, 2021 ஜூலையில் 17 சதவீதத்தை 28 ஆக்கியது. இடைப்பட்ட நிலுவை கிடையாது என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

அப்பா போன பிறகு அம்மாவுக்குப் பாதிகூட வரலை. கல்யாணமாகாத அக்கா வேற வீட்டில் இருக்காங்க. அவங்களுக்குக் கிடைக்குமா?

குடும்ப ஓய்வூதியம் அப்பாவின் கடைசி அடிப்படை ஊதியத்தில் 30 சதவீதம். ஓய்வுக்குப் பின் சீக்கிரம் இறந்திருந்தால் ஏழு ஆண்டு, அல்லது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, இதில் எது முந்தியதோ அதுவரை கூடுதல் விகிதம் உண்டு. அது முடிந்ததும் தொகை சட்டென்று இறங்கும். "அம்மா பென்ஷனைக் குறைச்சிட்டாங்க" என்று ஓடிவருகிறவர்களில் பலர் இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள்தான். புதிய திட்டங்களில் ஓய்வூதியத்தில் 60 சதவீதம் என்கிறார்கள். 50ல் 60 சதவீதம் என்றால் அதே 30தான். புதிதாகக் கூட்டிக் கொடுப்பதாக நினைத்துவிட வேண்டாம்.

மத்திய அரசு விதிப்படி மகன் 25 வயது வரை. மணமாகாத, விதவையான, விவாகரத்தான மகளுக்கு 25க்குப் பிறகும் உண்டு, ஆனால் பெற்றோரைச் சார்ந்திருந்திருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. விவாகரத்து வழக்கு பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளி பிள்ளைக்கு, சம்பாதிக்க இயலாத நிலை என்றால், வாழ்நாள் முழுவதும். அக்கா பெயர் அப்பாவின் குடும்ப விவரப் படிவத்தில் இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. இல்லையென்றால் வாரிசுச் சான்று, வருமானச் சான்று, மணமாகாதவர் என்ற சான்று என்று தாலுகா ஆபீஸ் நடை.

ரெண்டாவது மனைவிக்கு உண்டா?

முதல் திருமணம் நீடிக்கும்போது செய்துகொண்ட இரண்டாவது திருமணம் இந்து திருமணச் சட்டப்படி செல்லாது என்பதால் அவருக்கு இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு, மேலே சொன்ன வயது வரம்புக்குள், பங்கு உண்டு என்று 2000ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முப்பது வருடம் கூடவே வாழ்ந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டவர் வெறுங்கையோடு நிற்பது பார்க்கச் சங்கடமாகத்தான் இருக்கும். முதல் மனைவியை நினைத்தால் விதியையும் குறை சொல்ல முடியவில்லை.

ரிட்டையர் ஆகி மூணு வருஷம் கழிச்சு, 2009ல இன்க்ரிமென்ட் தப்பா போட்டுட்டோம், ஒன்றரை லட்சம் கட்டுங்கறாங்க. கட்டணுமா?

அவசரப்பட்டுக் கட்ட வேண்டாம். 2014 டிசம்பரில் பஞ்சாப் அரசு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாக வரம்பு போட்டது. கடைநிலை, எழுத்தர் நிலை ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும் பிடிக்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு மேல் தவறாகக் கொடுத்து வந்ததையும் பிடிக்கக் கூடாது. ஊழியர் பொய் சொல்லியோ மோசடி செய்தோ வாங்கியிருந்தால் கதை வேறு. அதேபோல், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை சிக்கலாகும். ஊதிய நிர்ணயத்தின்போது நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் பணிப்பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஒன்று கவனியுங்கள். ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்பப் பிடிப்பதைத்தான் இந்தத் தீர்ப்பு தடுக்கிறது. தவறான ஊதிய நிர்ணயத்தை இனிமேலுக்குச் சரிசெய்து ஓய்வூதியத்தைத் திருத்துவதைத் தடுக்காது.

துறை விசாரணை நிலுவையில இருக்குன்னு கிராஜுட்டியை நிறுத்தி வெச்சிருக்காங்க. நிறுத்தலாமா?

விதியில் இடமிருந்தால் நிறுத்தலாம், வெறும் நிர்வாக உத்தரவை வைத்து நிறுத்த முடியாது. 2013ல் ஜார்க்கண்ட் வழக்கில், ஓய்வூதியமும் பணிக்கொடையும் (கிராஜுட்டி) அரசியல் சட்டம் 300-ஏ பிரிவின்படி சொத்து, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் பறிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே முதலில் எழுதிக் கேட்க வேண்டியது, எந்த விதியின் கீழ் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று.

விசாரணை எதுவும் இல்லாமல் கோப்பு நகராததால் தாமதம் என்றால் வட்டி கேட்கலாம். கேரள அரசு வழக்கில் 1984லேயே தாமதத்துக்கு அரசுதான் வட்டியோடு பொறுப்பு என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஓய்வு பெறும் தேதி வேலையில் சேர்ந்த அன்றே தெரியும், அப்புறம் என்ன தாமதம் என்பது என் கேள்வி.

ஜூன் 30ல ரிட்டையர் ஆனேன். ஜூலை 1ல இன்க்ரிமென்ட். ஒரு நாள்ல போச்சே?

போகவில்லை. ஒரு முழு ஆண்டு வேலை செய்து சம்பாதித்த ஊதிய உயர்வு அது, அடுத்த நாள் பணியில் இல்லை என்பதற்காக மறுக்க முடியாது. இதை 2017ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது அந்த ஒருவருக்கு மட்டும் என்று மத்திய அரசு வைத்துக்கொண்டது. 2023 ஏப்ரல் 11ல் கர்நாடக மின் ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்ன பிறகு வழி திறந்தது. ஆனால் தனியாக வழக்குப் போடாதவர்களுக்கு 2023 மே 1 முதல்தான் உயர்த்திய ஓய்வூதியம், அதற்கு முந்தைய நிலுவை இல்லை என்று 2025 பிப்ரவரியில் தெளிவுபடுத்திவிட்டது. வழக்குப் போட்டவருக்கு ஒன்று, நம்பிக்கையோடு காத்திருந்தவருக்கு ஒன்று. நியாயத்தைத் தேடும் தீர்ப்பிலும் ஒரு தேதிக்கோடு.

ராணுவத்துல ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன் கொடுத்தாங்களே. சிவிலியனுக்கு ஏன் இல்லை? 2004ல ரிட்டையர் ஆன எனக்கும் இப்ப ஆனவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

ராணுவத்தினர் பலர் நாற்பதுக்குள்ளேயே ஓய்வு பெறுகிறார்கள், அதனால் விலைவாசியின் அடி அவர்களுக்கு இன்னும் நீளம். அந்தக் காரணத்தை ஏற்று 2014 ஜூலை 1 முதல் ஒரே பதவி ஒரே ஓய்வூதியம் வந்தது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த முறையைச் சரி என்றது. சிவிலியனுக்கு அந்தப் பெயரில் இல்லாவிட்டாலும், ஏழாவது ஊதியக் குழுவில் பழைய ஓய்வூதியர்களின் ஊதியத்தை ஒவ்வொரு குழுவாக ஏற்றிக் கணக்கிட்டு ஓரளவு சமநிலை கொடுத்தார்கள்.

இப்போதைய கவலை வேறு. 2025 நிதிச் சட்டத்தில், ஓய்வு பெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களை வேறுபடுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். அதுவும் 1972 ஜூன் 1ல் இருந்து முன்தேதியிட்டு. நகரா தீர்ப்பு எதைக் கூடாது என்றதோ அதற்கே கதவு திறந்த மாதிரிதான் எனக்குப் படுகிறது. இருக்கும் பலன் எதுவும் குறையாது என்று அரசு சொல்கிறது. எட்டாவது ஊதியக் குழுவின் பலன் பழைய ஓய்வூதியர்களுக்கு எப்படி வருகிறது என்பதில்தான் அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

எம்.பி.க்கு அஞ்சு வருஷத்துல பென்ஷன், எனக்கு முப்பது வருஷமா?

ஐந்து வருடம்கூட வேண்டாம். முன்னாள் எம்.பி.க்கு இப்போது மாதம் 31,000 ரூபாய், ஐந்தாண்டுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,500 கூடுதல். இதை எதிர்த்த வழக்கை 2018ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது, அது நாடாளுமன்றம் முடிவு செய்யும் விஷயம் என்று. பஞ்சாபில் மட்டும் 2022ல், எத்தனை முறை ஜெயித்தாலும் எம்.எல்.ஏ.வுக்கு ஒரே ஓய்வூதியம் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். தனக்கான ஓய்வூதியத்தைத் தானே நிர்ணயிக்கும் வாய்ப்பு வேறு எந்த வேலையிலும் கிடையாது, அதனால் இந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் மொத்த ஓய்வூதியச் செலவில் இது கடுகளவு. இதை நிறுத்தினால் எல்லோருக்கும் பழைய பென்ஷன் தரலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் கணக்கை நம்ப வேண்டாம்.

நான் பிரைவேட் கம்பெனி. பி.எஃப். பென்ஷன் ரெண்டாயிரத்துச் சில்லறைதான் வருது. கேட்க நாதியில்லையா?

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16ல் தொடங்கியது. முதலாளி கட்டும் பங்கில் இருந்து, ஊதியத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது, மத்திய அரசு ஊதியத்தில் 1.16 சதவீதம் போடுகிறது. கடைசி 60 மாத சராசரி ஊதியத்தைப் பணியாண்டால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். ஊதிய உச்சவரம்பு 15,000. 15 ஆண்டு வேலை என்றால் மாதம் 3,214 ரூபாய். 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு உச்சவரம்பு வெறும் 6,500 என்பதால் பலருக்கு அதுவும் வருவதில்லை.

குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது. அகவிலைப்படி கிடையாது, ஆகவே வருடத்துக்கு வருடம் அதன் மதிப்பு தேய்கிறது. முழுச் சம்பளத்துக்கும் ஓய்வூதியம் கேட்ட வழக்கில் 2022 நவம்பர் 4ல் தீர்ப்பு வந்து, 2014 செப்டம்பர் 1ல் பணியில் இருந்தவர்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. உச்சவரம்புக்குள் சம்பாதித்த சாதாரணத் தொழிலாளிக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை. என்னைக் கேட்டால், பழைய பென்ஷனா சி.பி.எஸ்.ஸா என்பதைவிட இந்த 1,000 ரூபாய் பெரிய அநியாயம்.

இருபது வருஷம் தினக்கூலி, அப்புறம் பத்து வருஷம் நிரந்தரம். பத்து மட்டும்தான் கணக்கா?

தமிழ்நாட்டு ஓய்வூதிய விதியில், 2003 ஏப்ரல் 1க்கு முன் முறையான பணிக்கு ஈர்க்கப்பட்டிருந்தால், அதற்கு முந்தைய தினக்கூலி, தொகுப்பூதிய, மதிப்பூதியக் காலத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் கணக்கில் 10 கூட்டல் 10, இருபது ஆண்டு. அதற்குப் பிறகு நிரந்தரமானவர்கள் மேலே சொன்ன கோட்டின் மறுபக்கம் விழுகிறார்கள். உத்தரப் பிரதேசப் பணியாளர்கள் வழக்கில் 2019ல் உச்ச நீதிமன்றம், வருடக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு அந்தக் காலத்தை ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்க மறுப்பது சரியில்லை என்றது. சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்கள் நிலை இன்னும் மோசம். வாழ்நாள் முழுக்க அரசுக்கு வேலை செய்துவிட்டு, ஒரு சிறிய நிலையான சிறப்பு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

நீங்க 50 சதவீதமா 60 சதவீதமான்னு பேசிட்டிருக்கீங்க. எங்க ஆத்தா களை எடுத்தே காலத்தைக் கழிச்சுது. அதுக்கு என்ன?

முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1962ல் தொடங்கியது, இப்போது மாதம் 1,200 ரூபாய். தேசியத் திட்டத்தின்கீழ் வருகிறவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு, 60 முதல் 79 வயது வரை, வெறும் 200 ரூபாய், 80 ஆனால் 500. இந்த 200 ரூபாய் பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. அகவிலைப்படி, ஊதியக் குழு, நகரா தீர்ப்பு எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. "தள்ளிவைத்த ஊதியம்" என்ற வாதத்தில் ஆத்தாவுக்கு இடமில்லை, ஊதியத்துக்கு ரசீதே இல்லாத வேலை அது.

விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போடலாம். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், வயதுக்கு ஆதாரம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அனுப்ப, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவெடுப்பார். ஆதரவற்றவர் என்ற நிபந்தனையில்தான் நிறையப் பேரைத் தள்ளிவிடுகிறார்கள், மகன் இருக்கிறானே என்று. மகன் தனிக்குடித்தனம், தனி அட்டை என்றால் அதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போடுங்கள். மனு எழுத ஆள் இல்லையென்றால் சங்கத்துக்கு வரலாம். ஓய்வூதியர் சங்கம்தானே என்று தயங்க வேண்டாம்.